மருதாணிக்கு அடியில் இருந்த நகம்

நாமக்கல் பக்கத்துப் பள்ளி விடுதியிலிருந்து போன் வந்தபோது நான் பத்திரிகை அலுவலகத்தில் ராசிபுரத்துச் செய்தி ஒன்றில் ஊர்ப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் விடுதிக் காப்பாளர் அம்மா.

“ஏனுங்கம்மா, பாப்பாவோட அம்மாங்களா? பயந்துக்காதீங்க, பாப்பா நல்லாத்தான் இருக்குதுங்க. நகத்துலதான் ஏதோ இருக்குது. பூஞ்சையாட்டத் தெரியுதுங்க. ஒரு ரூமுக்கு எட்டுப் புள்ளைங்க. ஒருத்தருக்கு இருந்தா எட்டுப் பேருக்கும் ஒட்டிக்குமுங்க.”

“அது பூஞ்சை இல்லைங்க. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்” என்றேன்.

“இருக்கட்டுங்க. அதையே ஒரு டாக்டரு எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. அதுவரைக்கும் சிக் ரூமுல படுத்துக்கட்டும்.”

ஒரு வாரம் தவணை. அதற்குள் கடிதம் வராவிட்டால் மகளை வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொரு பிள்ளைக்கு அவள் கட்டில் போய்விடும். இதையும் அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன் சேர்ந்து மூன்று வாரம். சேலத்திலேயே படிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, அந்தப் பள்ளியின் விளம்பரத்தை எங்கள் பத்திரிகையிலிருந்தே கத்தரித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவள். சேர்ந்த முதல் நாள் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அன்று போனில் பேசிய நான்கு நிமிடத்தில் அதை மூன்று தடவை சொன்னாள்.

எங்கள் நகங்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு கட்டைவிரலிலும் நகம் பாதிதான். சுட்டுவிரலைப் பார்த்த பக்கம் நகமே இல்லை, தோல்தான். மிச்சமிருக்கும் பாதியும் கிண்ணம்போலக் குழிந்து, நுனியில் பிளந்திருக்கும். சுட்டுவிரல் நகம் கொஞ்சம் பரவாயில்லை. நடுவிரல் அதைவிடத் தேவலை. சுண்டுவிரலுக்கு வந்தால் எல்லாரையும்போல இருக்கும். கால் நகங்களில் குறையில்லை. என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இப்படி. அக்காவுக்கும் எனக்கும் இப்படி. என் மகளுக்கும் இப்படி. வீட்டில் முழு நகம் உள்ள ஒரே ஆள் என் கணவர். டப்பா மூடி திறக்கவும், ஸ்டிக்கர் உரிக்கவும், முடிச்சு அவிழ்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

எங்கள் வீட்டுப் பெண்கள் வெறும் விரலோடு வெளியே போனதில்லை. மருதாணியை அரைத்து விரல் நுனிகளில் தொப்பிபோல வைப்போம். முதல் கணுவரை சிவந்துவிடும். நகப்பூச்சு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதைப் போட்டால் தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் படாது. மருதாணிக்கு அந்தத் தடை இல்லை. எல்லாப் பெண்களும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வைப்பார்கள். நாங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வைத்தோம். சிவந்த விரலைப் பார்க்கிறவர்கள் சிவப்பைத்தான் பார்ப்பார்கள். அம்மா இதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அம்மியைக் கழுவி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

இதில் நாங்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. டாக்டரிடம் போகும் நாளுக்கு முந்தைய நாள் கட்டாயம் மருதாணி வைப்போம். பெரிய மனிதர் முன்னால் மூளியாகப் போய் உட்காரக்கூடாது என்பது அம்மாவின் நியாயம். காய்ச்சல், கழுத்துவலி, பிரசவம் என்று எத்தனையோ டாக்டர்கள் என் நாடியைப் பிடித்திருக்கிறார்கள். எல்லாரும் பார்த்தது ஆரஞ்சு நிறத்தை. மகளுக்கு எட்டு வயதில் நகத்துக்கென்றே ஒரு டாக்டரிடம் போனோம். அன்றைக்கும் வைத்துக்கொண்டுதான் போனோம். அவர் பூஞ்சைக்கு மூன்று மாத மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது. நகம் அப்படியே இருந்தது.

பள்ளி விடுதியின் விதிகளை அச்சடித்த தாளில், வரக்கூடாதவை என்ற தலைப்புக்குக் கீழே, கொலுசுக்கும் செல்போனுக்கும் நடுவில் மருதாணி இருந்தது. அப்படித்தான் என் மகள் எங்கள் குடும்பத்தில் வெறும் விரலோடு ஊருக்குள் நடந்த முதல் பெண் ஆனாள். மூன்று வாரத்தில் தோலின் சிவப்பு போய்விட்டது. நகத்திலும் அடிப்பாகம் வெளுத்துவிட்டது. காப்பாளர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

இனி அத்தாவைப் பற்றி. சேலத்தில் அவருக்கு வெற்றிலை மண்டி இருந்தது. பரமத்தி வேலூரிலிருந்தும் ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்தும் விடியும் முன்னே கூடைகள் வந்து இறங்கும். நூறு இலை ஒரு கவுளி. எல்லாரும் வெற்றிலைக் காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுவார்கள். அத்தா சின்னக் கத்தரிக்கோல் வைத்திருந்தார். ஆண்களுக்கு மருதாணி இல்லையென்பதால் அவர் கட்டைவிரல்களை உள்ளே மடித்து, மற்ற விரல்களால் மூடிக்கொள்வார். அவர் உட்கார்ந்திருக்கும் எந்தப் புகைப்படத்திலும் கட்டைவிரல் இல்லை. யாராவது கேட்டுவிட்டால், “சுண்ணாம்பு தின்னுடுச்சு. மண்டி ஆளு கையி வேற எப்படி இருக்கும்?” என்பார்.

வீட்டில் அதுதான் நகத்துக்கான காரணம். சுண்ணாம்பைத் தொட்டே இராத எங்கள் இரண்டு பேருக்கும் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நானும் கேட்கவில்லை.

அவருக்கு முழங்காலும் சரியில்லை. நடக்கும்போது முட்டிச் சில்லு பக்கவாட்டில் நழுவும். நின்று, கையால் தள்ளிச் சரிசெய்துகொண்டு மறுபடி நடப்பார். மண்டியில் முப்பது வருடம் சம்மணமிட்டதால் வந்தது என்றார்கள். வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. முட்டிவலி மாத்திரையால் வந்தது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஐம்பத்து மூன்று வயதில் மவுத்தானார். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது.

நகத்துக்குச் சுண்ணாம்பு, முட்டிக்குச் சம்மணம், சிறுநீரகத்துக்கு மாத்திரை. மூன்றுக்கும் காரணம் இருந்தது. அதனால் நான்காவது கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாவட்டப் பக்கத்தில் ஒரு தவறு செய்தேன். முட்டை லாரி கவிழ்ந்தது என்று வாழப்பாடியிலிருந்து ஒரு செய்தி. இன்னொரு நிருபர் ஆத்தூர் சாலையில் இரண்டு மணிநேரம் போக்குவரத்து நின்றதாக அனுப்பினார். மூன்றாமவர் அரசு மருத்துவமனையில் நாமக்கல் டிரைவர் ஒருவர் கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டதாக அனுப்பினார். மூன்றையும் பிழை நீக்கி, மூன்று தலைப்புப் போட்டு, ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் வைத்தேன். மறுநாள் செய்தி ஆசிரியர் அந்தப் பக்கத்தை என் மேசையில் விரித்து, மூன்றையும் சிவப்பு மையால் கோடிழுத்து இணைத்தார். “மூணும் ஒரே லாரிம்மா” என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை.

“லெட்டர் இன்னிக்கே குடுத்துருவாங்களாம்மா?”

“கொடுப்பாங்க.”

“சிக் ரூம்ல ஒரு பொண்ணு அம்மை போட்டு வந்தா. அவள உடனே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப நான் மட்டுந்தான். எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே?”

“அதைத்தான் எழுதி வாங்கப் போறோம்.”

தோல் மருத்துவர் இளம்பெண். ராசிபுரத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. மகளின் கையை வாங்கி, விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பத்து விரலையும் பார்த்தார். பிறகு விரலைத் திருப்பி, நகத்துக்குப் பின்னால் உள்ள கணுவைத் தடவிப் பார்த்தார்.

“பூஞ்சையெல்லாம் இல்லீங்க” என்றார். மகள் மூச்சு விட்டாள். ஆனால் டாக்டர் கையை விடவில்லை.

“நகத்தோட அடியில வெள்ளையா ஒரு பிறை இருக்குமில்லீங்களா? என்னோடதைப் பாருங்க. வளைஞ்சு இருக்குது. இப்ப பாப்பாவோடதைப் பாருங்க.”

பார்த்தேன். பதினாறு வருடம் நான் பிடித்து நடந்த கை. சுட்டுவிரல் நகத்தின் அடியில் இருந்த வெள்ளை, வளைவாக இல்லை. நடுவில் கூரையின் உச்சிபோலக் கூர்ந்து முக்கோணமாக நின்றது. கடைசிக் கணுவுக்கு மேலே எல்லாருக்கும் இருக்கும் தோல் மடிப்பும் அவளுக்கு இல்லை, வழவழவென்று இருந்தது. என் கையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் மடிப்பு இல்லை. பிறையைப் பார்க்க முடியவில்லை. நான் முந்தைய நாள்தான் மருதாணி வைத்திருந்தேன்.

“கையை நேரா நீட்டு சாமி” என்றார் டாக்டர்.

மகள் நீட்டினாள். முழங்கை முழுதாக நிமிரவில்லை.

“இதுக்குத்தான் பி.டி. மாஸ்டர் டெய்லி திட்றாரு” என்றாள் அவள். “சோம்பேறித்தனமா நீட்டறேனாம்.”

“அவரை நான் பாத்துக்கறேன். முட்டி நழுவுமா?”

“எப்பவாச்சும். படியெறங்கறப்ப.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நிதானமாகத்தான் கேட்டார். “ஏனுங்க, ஊட்டுல ஆருக்காச்சும் கிட்னி பிரச்சனை இருந்துதுங்களா?”

சிவப்புக் கோடு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டதாகச் சொன்னால் அது மிகை. ஆனால் அந்தச் செய்தி ஆசிரியரின் குரல் கேட்டது. சுண்ணாம்பு, சம்மணம், மாத்திரை. ஒரே லாரி. நான் அத்தாவைப் பற்றிச் சொல்லி முடிக்க அதிக நேரமாகவில்லை; நிறுத்தாமல் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டார்.

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். ஆங்கிலப் பெயர். நெயில் பட்டெல்லா சிண்ட்ரோம். நகம், முட்டிச் சில்லு. நாங்கள் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு செய்திகளும் அதன் தலைப்பிலேயே சேர்ந்து நின்றன. உடம்பு உருவாகும்போது நகத்துக்கும் முட்டிக்கும் முழங்கைக்கும் சிறுநீரக வடிகட்டிக்கும் உத்தரவு கொடுக்கும் ஒரே ஒரு மரபணுவில் பிழை என்றார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி, காசு சுண்டிப்போடுவதுபோல. எங்கள் வீட்டில் மூன்று தடவை சுண்டியதும் ஒரே பக்கமாக விழுந்திருக்கிறது.

“எல்லாத்துக்கும் கிட்னி கெடாதுங்க. இது இருக்கற நெறையப் பேருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் ஆவறதில்லை. ஆனா வருசா வருசம் பாத்துக்கோணும். மொதல்ல யூரின்ல புரோட்டீன் வரும். அது தெரிஞ்ச ஒடனே மாத்திரை ஆரம்பிச்சா நெறைய வருசம் தள்ளிப் போடலாம். உங்க அப்பாவுக்கு அது தெரிஞ்சப்ப லேட்டாயிருச்சு. அந்த வலி மாத்திரையும் நல்லதில்லைதான். ஆனா அது மட்டும் காரணமில்லைங்க.”

மகள் குறுக்கிட்டாள். “அப்ப லெட்டர் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“குடுக்கறேன் சாமி. ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துக்குவோம். இடுப்பெலும்புல ரெண்டு கொம்பு இருக்குதான்னு பாக்கோணும். இந்த நோய்க்குன்னே இருக்கற அடையாளம் அது. வேற எதுக்கும் வராது. வலிக்காது, ஒண்ணும் பண்ணாது.”

“கொம்பா?”

“கொம்புதான்.”

படம் வந்தது. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில், இரண்டு பக்கமும், சிறு கொம்புகள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்தார். படிப்பில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று பிறகு சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் இருந்தது கவலை அல்ல, சந்தோஷம். முதல் பக்கச் செய்தி கையில் கிடைத்த நிருபரின் முகம் எனக்குத் தெரியும். அதற்காக அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

சிறுநீரை இரண்டு பேரும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். இரத்தமும் எடுத்தார்கள். முடிவு மறுநாள் பதினொரு மணிக்கு. கடிதத்தையும் அப்போது சேர்த்தே தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது வாழப்பாடியிலிருந்து அக்கா போன் செய்தாள். அங்கே மரவள்ளி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளிடம் எதையும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நடுவில் மூன்று கேள்வி கேட்பாள். முழுதும் சொன்னேன்.

“ஏண்டி, ஒரு லெட்டர வாங்கப் போயி ஒரு சீக்க வாங்கிட்டு வந்திருக்கியா?”

“வாங்கலக்கா. இருந்ததுதான்.”

“இருந்தா இருந்துட்டுப் போவுது. ஊரெல்லாம் சொல்லாத. கிட்னின்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நாளைக்கி யாருடி கட்டுவா அவள? பேசாம மருதாணிய வச்சு இங்கயே ஸ்கூலுக்கு அனுப்பு. அங்க எதுக்கு, கண்டவங்களும் கையப் புடிச்சுப் பாக்கறதுக்கு?”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க முயன்று, முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, நான் திரும்பி ஹாஸ்டலுக்குத்தான் போவேன்” என்றாள்.

“வாய மூடுடி. பெரியவங்க பேசறப்ப. உனக்கென்ன, கொம்பா மொளச்சிருக்கு?”

“ஆமா பெரியம்மா. ரெண்டு. எக்ஸ்ரே இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பவா?”

என் கணவர் சமையலறையில் சிரிப்பை அடக்கி இருமினார். பிறகு அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது.

“ரெண்டா?”

“ரெண்டு.”

“எனக்கும் இருக்குமாடி?”

இந்தக் கேள்வி எனக்கானது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அவள் முட்டி. அவள் கைப்பையின் உள்ளறையில் எப்போதும் இருக்கும் மாத்திரை அட்டை. பச்சை அட்டை. அத்தா போட்டுக்கொண்ட அதே மாத்திரை.

“அக்கா, நீ இன்னமும் முட்டிக்கு அந்த மாத்திரை போடறியா?”

“தெனமும் இல்ல.”

“வாரத்துக்கு எத்தனை?”

“என்னாடி போலீஸாட்டம் கேக்கற? அஞ்சு. ஆறு.”

“இன்னிலிருந்து போடாத. திங்கக்கிழமை பஸ் ஏறி வா.”

“மாட்டேன்” என்றாள். வந்தாள். அது பிறகு.

ஞாயிறு பதினோரு மணிக்கு நானும் மகளும் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சுவரில் முகப்பருவுக்கு முன், முகப்பருவுக்குப் பின் என்று ஒரு படம். அத்தா டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் நான் அவருடன் போய் உட்கார்ந்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் அவர் கட்டைவிரலை மடித்துத்தான் வைத்திருந்தார். ஊசி குத்திய கையிலும். என் மகளும் ஒருநாள் அப்படிப் படுப்பாளா என்பதுதான் எனக்கு அன்று தெரியவேண்டியிருந்தது. அவளுக்குத் தெரியவேண்டியது வேறு. பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டாள்.

டாக்டர் எங்களை நிற்க வைத்தே சொல்லிவிட்டார். “பாப்பாவுக்குச் சுத்தமா இருக்குதுங்க. புரோட்டீன் இல்லை. ரத்தமும் நல்லா இருக்குது.” பிறகு நாற்காலியைக் காட்டினார். “நீங்க உக்காருங்க. உங்களுக்குத்தான் கொஞ்சம் இருக்குது. ஒரு பிளஸ்.”

ஒரு பிளஸ் என்பது மிகக் குறைவு என்றார். இப்போது தெரிந்தது நல்லது என்றார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையே புரதம் ஒழுகுவதையும் குறைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். இதே நோயில் கண்ணில் அழுத்தம் ஏறுவதும் உண்டு, ஆகவே இரண்டு பேரும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணையும் பார்க்கவேண்டும் என்றார். எனக்கு ஏற்பட்டது பயம் இல்லை. உள்ளதைச் சொன்னால் நிம்மதிதான். சிறுநீரக விஷயத்தில் காசு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவள் பக்கம் சாயவில்லை. அத்தாவுக்குக் கிடைக்காத பல வருடங்கள் எனக்கு முன்னால் இருப்பதாக டாக்டர் கணக்குச் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். இது பூஞ்சை நோய் அல்ல, பிறவியிலேயே பரம்பரையாக வந்தது, மற்றவர்களுக்குத் தொற்ற வாய்ப்பில்லை. முட்டியையும் முழங்கையையும் வருத்தும் உடற்பயிற்சியைக் கட்டாயப்படுத்த வேண்டாம். படித்துவிட்டு நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

“டாக்டர், ‘தொற்ற வாய்ப்பில்லை’ன்னு இருக்கு. ‘தொற்றாது’ன்னு போடலாமா? வாய்ப்புன்னு இருந்தா அங்க ஒரு கேள்வி வரும்.”

அவர் சிரித்தார். “பேப்பர்காரங்கன்னு காட்டிப்புட்டீங்க” என்று உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

விடுதியில் அன்று பெற்றோர் வரும் நாள். வேப்பமரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து டிபன் கேரியர்களைத் திறந்திருந்தார்கள். காப்பாளர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சாவிக்கொத்து. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மகளின் கையை வாங்கிப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். மருதாணித் தொப்பிகளுக்குக் கீழே, கட்டைவிரலில் நகம் பாதியோடு நிற்பது, தெரிந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

“உங்களுக்குமுங்களா?”

“எனக்கும். எங்க அத்தாவுக்கும்.”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் புள்ளையத் தனியாப் படுக்க வெச்சிருப்பனுங்களா?” என்றார், குறைபட்டுக்கொள்ளும் குரலில். அது நியாயம்தான். நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு மகளிடம் திரும்பினார். “போ சாமி, பெட்டியத் தூக்கிட்டு ரூமுக்குப் போ. உன்ற கட்டலு மேல என்ற துணிக்கூடையத்தான் வெச்சிருக்கேன். சும்மா கெடந்தா ஆராச்சும் புடிச்சுக்குவாளுக. எடுத்துக் கீழ வெச்சிரு.”

மகள் ஓடவில்லை. முட்டியைப் பார்த்துப் படியேறச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒவ்வொரு படியாக, ஆனால் வேகமாக ஏறினாள்.

அதற்குப்பிறகு நான் மருதாணி வைக்கவில்லை. தோலின் சிவப்பு மூன்று வாரத்தில் போனது. நகத்தின் சிவப்பு போவதற்கு நகம் வளரவேண்டும். அடியிலிருந்து வெளிறிய நகம் வர வர, ஆரஞ்சு நிறம் ஒரு கோடாக நுனியை நோக்கி நகர்ந்தது. மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அடியில் முக்கோணம் வெளிப்பட்டது. மகள் ஞாயிறு தோறும் விடுதிப் போனில், “எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்பாள். அலுவலகத்தில் முதல் வாரம் இரண்டு பேர் என் கையைப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், சொன்னேன். இரண்டாவது வாரம் யாரும் பார்க்கவில்லை.

அரையாண்டு விடுமுறையில் மறுபரிசோதனை. அக்காவும் வாழப்பாடியிலிருந்து வந்தாள். முதல் முறை வந்தபோது அவளுக்கு இரண்டு பிளஸ் இருந்தது. பச்சை அட்டையை டாக்டர் குப்பைக்கூடையில் போடுவதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது மாத்திரை, முட்டிக்குப் பயிற்சி, உப்பு குறைவு. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே கடைப்பிடித்தாள்.

தன் மாணவர்களுக்குக் காட்ட எங்கள் கைகளைப் படம் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். முகம் வராது, பெயர் வராது. மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். நான் இரண்டு கையையும் வைத்தேன். மகள் வைத்தாள். அக்கா வலது கையை மட்டும் வைத்துவிட்டு, இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“அந்தக் கையுமுங்க” என்றார் டாக்டர்.

எடுத்தாள். ஐந்து விரலும் கணுவரை சிவந்திருந்தன.

“வர்ற வாரம் எங்க நாத்தனார் பொண்ணுக்கு நிக்காஹ். ரெண்டு கையும் மூளியா எப்படிப் போறது?” என்றாள் அக்கா. “வலது கை உங்களுக்கு. இடது கை எனக்கு.”

டாக்டர் ஆறு கைகளையும் சேர்த்தே எடுத்தார். கையைத் தட்டையாக வைக்கச் சொன்னபோது மூன்று பேருக்கும் முழங்கை ஒரே கோணத்தில் மேசையைவிட்டு எழுந்து நின்றது. அதையும் எடுத்தார். நான் படத்தைத் திரையில் பார்த்து, இடமிருந்து வலமாக என்று மனதுக்குள் படக்குறிப்பு எழுதினேன். இடக்கோடியில் அத்தாவுக்கு இடம் விட்டு எழுதினேன். அந்தப் பத்து விரலையும் யாரும் படம் எடுக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆய்வகத்திலிருந்து மூன்று முடிவுகளும் என் போனுக்கு வந்தன. மகள் பிடுங்கிப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு இரண்டு பிளஸ் ஒன்றாகியிருந்தது. எனக்கு மிகச் சிறிதளவு என்று இருந்தது. அவளுக்குப் புரதம் என்ற வார்த்தைக்கு எதிரே ‘இல்லை’ என்று இருந்தது.

“எனக்கு மறுபடியும் இல்ல” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். “லீவு நாளைக்கு முடியுது. ஆறு மணிக்குள்ள ஹாஸ்டல்ல இருக்கணும். இப்ப உங்கிட்ட நகவெட்டி இருக்கா?”

இருந்தது. என் வலது சுட்டுவிரல் நுனியில் ஆரஞ்சு இன்னும் ஒரு நூலளவு மிச்சமிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அவள் அதை வெட்டினாள். நகவெட்டியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை அவள் மடிக்கவில்லை.